சில்கூரில் இரண்டு அட்டைகள்

ஹைதராபாத்தில் எனக்கு வேலை பத்து மாதம். 2009 ஜூனில் வந்தேன். 2010 ஏப்ரல் கடைசியில் திரும்பினேன். ஊர் மலேசியாவில் தெலுக் இந்தான். படித்த பல்கலைக்கழகம் ஒரு பரிமாற்றத் திட்டத்தில், லோத்குண்டா பக்கமிருந்த ஒரு கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்க என்னை அனுப்பியது. தங்கியது குஷாய்குடாவில், ஒரு வீட்டின் மாடி அறையில்.

பத்து மாதத்தில் பார்த்த இடங்கள் குறைவு. சார்மினார் ஒருமுறை. கோல்கொண்டா ஒருமுறை, அதுவும் பாதியில் மழை. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது சில்கூர். இரண்டு முறை போன ஒரே இடம். முதல்முறை, வந்த மூன்றாம் மாதம். இரண்டாம்முறை, விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. போக விரும்புகிறவர்களுக்கு வழியும் நேரமும் கட்டணமும் தருகிறேன். இடையில் சொந்தக் கதை வரும். அவசரமென்றால் கடைசிக்குப் போய்விடுங்கள்.

சில்கூர் நகரத்துக்கு மேற்கே, ஏரிக்கு அருகில். சின்னப் பெருமாள் கோயில். உண்டியல் கிடையாது. வழக்கம் எளிது. முதலில் போய்ப் பதினோரு சுற்று சுற்றி, வேண்டியதைக் கேட்க வேண்டும். கிடைத்துவிட்டால் திரும்பப் போய் நூற்றெட்டுச் சுற்று. கணினி வேலைக்காரர்களும் அவர்களைப் பெற்றவர்களும் நிறைந்த நகரம். ஆகவே அங்கே அதிகம் கேட்கப்படுவது விசா. ஊரில் விசா சாமி என்றால்தான் தெரிகிறது.

என்னை அங்கே கூட்டிப்போனவர் வீட்டுக்காரர், செண்பகம் ஆண்ட்டி. வயது ஐம்பத்து நான்கு. அம்பாசமுத்திரத்துக்காரர். கணவர் பக்கத்திலிருந்த அரசு மின்னணுத் தொழிற்சாலையில் போர்மேன். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம். பேச்சு இன்னும் அம்பாசமுத்திரம்தான். நடுவில் 'வேண்டாம்' என்பதற்கு ஒரு 'நக்கோ', 'ஆமாம்' என்பதற்கு ஒரு 'ஹவ்' வந்து விழும். ஒரே மகள் நான்கு வருடமாக நியூ ஜெர்சியில். அவளைப் பார்க்கப் போக ஆண்ட்டி ஒருமுறை விசாவுக்கு முயன்றார், மறுத்துவிட்டார்கள். எதற்காகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டாராம். ஆண்ட்டி மகளின் நிச்சயதார்த்தத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்.

நான் மாடிக்குக் குடிவந்த இரண்டாம் வாரமே அவர் கேட்டார். சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒரு வகுப்பு எடுக்க முடியுமா? கார் நிறுத்துமிடத்தில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. ஆறு பெண்கள். எல்லோருக்கும் பிள்ளைகள் அமெரிக்காவில். எல்லோருக்கும் நேர்காணல் பயம். நான் அதிகாரியாக உட்காருவேன். அவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள்.

பலகையில் மூன்று விதி எழுதியிருந்தேன். ஒரு கேள்விக்கு ஒரு வாக்கியம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். 'தெரியாது', 'பார்க்கலாம்' இரண்டும் கூடாது. கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றே: எப்போது திரும்பி வருவீர்கள்? பதில்: ஆறு மாதத்தில், சார். யோசிக்காமல் வர வேண்டும். யோசித்தால் போச்சு.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்டி பதினோரு சுற்றுக்குப் புறப்பட்டார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கூட்டம் நெருக்கியது. மழை வேறு. கல் தரை வழுக்கியது. "சும்மா நடக்காதீய டீச்சர். வந்ததுக்கு எதாவது கேளுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கால் சுற்றுகிறபோது மனம் சும்மா இருக்கவில்லை.

அந்த மாதம் எனக்கு மோசமான மாதம். கல்லூரியில் என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பின்வரிசை சிரித்தது. மாணவர்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொள்வார்கள், அதில் என் பெயர் மட்டும் புரியும். ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன. மூன்றாவது சுற்றில், தென்மேற்கு மூலையில், ஒருவர் என் காலை மிதித்தார். அப்போது கேட்டேன். இந்த வருடம் சீக்கிரம் முடிந்துவிட வேண்டும். வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

திரும்பும் பேருந்தில் ஆண்ட்டி என் காதருகே குனிந்தார். "எனக்காகத்தான டீச்சர் கேட்டீய?"

இரைச்சல். நின்றுகொண்டு வந்தோம். ஈரத் துணி. விளக்க அது இடமில்லை. தலையாட்டினேன்.

பிப்ரவரியில் பேகம்பேட்டை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். ஆண்ட்டிக்கு விசா கிடைத்தது. நான்கு கேள்வி, நான்கு வாக்கியம். அதற்குள் மகள் கர்ப்பமாகியிருந்தாள், ஜூனில் பேறுகாலம். ஆகவே மகிழ்ச்சி இரண்டு மடங்கு. "டீச்சரும் சேந்து கேட்டாவல்லா. அதான் கெடச்சிட்டு." இதை வகுப்பில் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். காய்கறி வண்டிக்காரரிடம் தெலுங்கில் சொன்னார். நான் அங்கே நின்றிருந்தேன். திருத்த ஒவ்வொரு முறையும் ஒரு நொடி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் விட்டேன்.

நூற்றெட்டு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஆண்ட்டிக்கு இடது முட்டு வலி. உனக்குப் பதிலாக நான் சுற்றிவிட்டு வருகிறேன் என்றார் கணவர். ஆண்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அமெரிக்க விமானம் அடுத்த வாரம். எனக்குக் கோலாலம்பூர் விமானம் சனிக்கிழமை. இனித் தள்ள நாள் இல்லை.

இனி வழி.

காலை 5.35க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். நிறுத்தம் 600 மீட்டர். ஆண்ட்டியின் காலுக்குப் பன்னிரண்டு நிமிடம். 5.50க்குச் செகந்திராபாத் பேருந்து. 11 கிலோமீட்டர், 9 ரூபாய், 35 நிமிடம். அந்த நேரத்தில் உட்கார இடம் உண்டு. செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு எதிரே தேநீர். அங்கிருந்து மெஹ்திபட்டினம் பேருந்து. 6.40 முதல் 7.25. 14 கிலோமீட்டர், 12 ரூபாய். பேகம்பேட்டையில் தூதரகத்தைக் கடக்கும்போது, வெளியே நடைபாதையில் காகிதக் கோப்புகளோடு வரிசை. ஆண்ட்டி ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்து முணுமுணுத்தார். "ஒரு வாக்கியம். ஒரே வாக்கியம்."

மெஹ்திபட்டினத்தில் சில்கூர் பேருந்து தனியாக நிற்கும், கேட்டால் காட்டுவார்கள். 7.35க்குப் புறப்பட்டது. 22 கிலோமீட்டர், 17 ரூபாய். நடத்துநர் ஆண்ட்டியின் முழங்கால் பட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நூட்ட எனிமிதா? பதகொண்டா?"

நூற்றெட்டா, பதினொன்றா. பயணச்சீட்டு கொடுக்கும் முன் அவர் கேட்கும் கேள்வி.

"நூட்ட எனிமிதி" என்றார் ஆண்ட்டி, தேர்வில் தேறியவர் போல.

நடத்துநர் முன்வரிசையில் ஓர் இளைஞனை எழுப்பிவிட்டு அவரை உட்காரவைத்தார். இளைஞன் பதினொன்றுக்காரன். மறுபேச்சில்லாமல் எழுந்தான்.

நகரம் முடிந்ததும் பாறைகள். ஒன்றன்மேல் ஒன்று, யாரோ அடுக்கிவிட்டுப் போனதுபோல. பிறகு ஏரி, கொஞ்ச நேரம். பிறகு திராட்சைத் தோட்டங்கள், விற்பனைக்கு என்று எழுதிய மனைகள். ஆகஸ்டில் இதில் எதையும் நான் பார்க்கவில்லை; அப்போது எனக்குக் கிடைத்தது ஒருவரின் முதுகு.

8.20க்கு இறங்கினோம். ஆண்ட்டி வாசல் கடையில் இரண்டு அட்டை வாங்கினார். ஓர் அட்டை இரண்டு ரூபாய். அட்டையில் ஒன்று முதல் நூற்றெட்டு வரை கட்டங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு கட்டத்தில் பேனாவால் கோடு போட வேண்டும். எண்ணிக்கை தவறாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஓர் அட்டைக்காக நான் கை நீட்டினேன்.

"உங்களுக்கில்ல டீச்சர். ரெண்டும் எனக்குத்தான்."

"எதுக்கு ஆண்ட்டி ரெண்டு?"

"ஒண்ணு என்னுது. ஒண்ணு உங்களுது. எனக்காகத்தான கேட்டீய? அப்ப அந்த நூத்தியெட்டயும் நாந்தான நடக்கணும். நீங்க நம்பாதவுக. உங்களப் போட்டு நடக்கவச்சா நல்லாவா இருக்கும்?"

"இருநூத்திப் பதினாறு ஆண்ட்டி. முட்டு தாங்காது."

"நக்கோ. எனக்குக் கணக்கு தெரியும். நீங்க நிழல்ல உக்காருங்க."

சொல்லியிருக்கலாம். செருப்பு விடும் இடத்தில், வரிசையில், குழாயடியில் கால் கழுவுகிறபோது. இடங்கள் இருந்தன. ஆறு வாரமாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன், கல்லூரியில் பூங்கொத்து வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருந்தேன், எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். இது ஒன்று மீதி. சொன்னால் இவரிடம் விடைபெறுவது கெட்டுப்போகும். சொல்லாவிட்டால் இவர் இருநூற்றுப் பதினாறு சுற்று நடப்பார்.

8.40க்குத் தொடங்கினார். நான் நிழலில் உட்காரவில்லை, பக்கத்தில் நடந்தேன். செவ்வாய்க்கிழமை கூட்டம் குறைவு. ஒரு சுற்று சாதாரணமாக ஒரு நிமிடம். ஆண்ட்டிக்கு ஒன்றரை. முதல் இருபது சுற்று அவர் பேசிக்கொண்டே நடந்தார். நியூ ஜெர்சியில் கறிவேப்பிலை கிடைக்குமா. பேறுகால மருந்துப்பொடியை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்களா. நான் போனபிறகு மாடிக்கு யார் வருவார்கள். இருபத்தைந்துக்குமேல் பேச்சு நின்றது. முப்பதில் தென்மேற்கு மூலையில் சுவரைப் பிடித்தார். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிடித்தார். நாற்பதாவது கட்டத்தில் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மணி 9.45.

"இன்னும் நூத்தி எழுவத்தாறு" என்றார். பட்டைக்குமேல் முட்டு வீங்கியிருந்தது.

சொன்னேன்.

"நான் உங்களுக்காகக் கேக்கல ஆண்ட்டி."

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மூடினார். "வேற யாருக்குக் கேட்டீய?"

"எனக்குத்தான். இந்த வருஷம் சீக்கிரம் முடியணும், ஊருக்குப் போகணும்னு கேட்டேன். பஸ்ல நீங்க கேட்டப்ப தலையாட்டிட்டேன். அப்புறம் சொல்ல முடியல."

ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. அடுத்த சுற்றிலும் அதே குடும்பம்.

"எங்க வீட்டவிட்டுப் போவணும்னா கேட்டீய?"

"உங்க வீட்டவிட்டு இல்ல ஆண்ட்டி. இந்த ஊரவிட்டு."

"எங்க வீட்லதான இருந்தீய."

பாட்டிலைக் கீழே வைத்தார்.

"ஆவஸ்ட்டுல, என்ன? நாந்தான அந்த மாசம் தெனமும் மேல ரசம் குடுத்தனுப்புனேன். சளின்னு சொன்னீய." முகத்தை முந்தானையால் துடைத்தார். வேர்வையா என்று பார்க்கவில்லை. "நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன், கோட்டி மாதிரி. காய்காரன்ட்ட வரைக்கும் சொன்னேன்."

சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டாவது அட்டையை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார்.

"ஏட்டி, வருசம் முடிஞ்சிட்டா இல்லியா?"

"முடிஞ்சிருச்சு."

"ஊருக்குப் போறியா இல்லியா?"

"போறேன்."

"அப்ப கேட்டது கெடச்சிட்டு. நட."

பத்து மாதத்தில் முதல்முறையாக நான் டீச்சர் இல்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

கையில் பேனா இல்லை. கடைக்குப் போய் வாங்கினேன், ஐந்து ரூபாய். 9.55க்கு என் முதல் சுற்று.

சின்னக் கோயில் என்று சொன்னேன். சின்ன வட்டத்தில் ஒருவரைவிட்டு ஒருவர் விலகி நடக்க முடியாது. நான் வேகம், அவர் மெது. மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை அவர் முதுகு முன்னால் வரும். மாம்பழ நிறப் புடவை. இடது பக்கம் லேசாகச் சாய்ந்த நடை. தாண்டுவேன். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு நடப்பார். முதல் ஆறு முறை அப்படித்தான்.

எதற்காகச் சுற்றுகிறேன் என்பது சிக்கல். வருடம் முடிந்ததற்கு நன்றி. வேண்டாம் என்று இப்போது நினைக்கிற ஒன்றைக் கொடுத்ததற்கு நன்றி. அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே மாதங்களை எடுத்துக்கொண்டேன், பத்துச் சுற்றுக்கு ஒரு மாதம். ஜூன்: பால்காரரிடம் விரலால் கணக்குச் சொன்னது. ஜூலை: செகந்திராபாத்தில் தப்பான பேருந்து ஏறி எங்கோ ஒரு ராணுவக் குடியிருப்புக்குப் போனது, திரும்பக் கொண்டுவந்து விட்ட காவலாளி. ஆகஸ்ட்: ரசம். ஆம், தினமும். தூக்குவாளி வாசலில் இருக்கும், கழுவித் திரும்ப வைப்பேன், அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அக்டோபர்: பின்வரிசையில் சிரித்த பையன் ஒரு சுற்றறிக்கையை எனக்குத் தெலுங்கிலிருந்து மாற்றிச் சொன்னது. டிசம்பர்: பந்த், பேருந்து இல்லை, மூன்று நாள் ஆறு பெண்களும் கார் நிறுத்துமிடத்திலேயே இருந்து அரிசி வடகம் பிழிந்தது, நான் அதிகாரியாக அதைச் சோதனையிட்டது.

ஏழாவது முறை தாண்டும்போது ஒரு குரல்.

"எத்தன?"

"இருபத்திமூணு."

"ம்."

அதற்கடுத்த முறை: "எத்தன?"

"இருபத்தாறு."

"என்ன ஓட்டப்பந்தயமா? பைய நட. பெருமாளு எங்கயும் போமாட்டாரு."

அப்புறம் எண்கள்தான் பேச்சு. நாற்பது. ஐம்பத்து மூன்று. அவர் தன் எண்ணையும் சொல்லத் தொடங்கினார். தண்ணீர் பாட்டிலை ஒருமுறை நீட்டினார், நடந்துகொண்டே வாங்கிக் குடித்து, அடுத்த சந்திப்பில் திருப்பிக் கொடுத்தேன். பதினொரு மணிக்குக் கல் சுட்டது. சாக்கை நனைத்துப் போட்டிருந்தார்கள். அது காய்ந்துகொண்டே இருந்தது. தென்மேற்கு மூலையில் நானும் சுவரைப் பிடித்தேன். வலிக்கு இல்லை. அந்த இடத்தில் சுவர் வழவழப்பாக இருந்தது. நிறையப் பேர் பிடித்திருக்கிறார்கள்.

மொத்தம் முப்பது முறை அவரைத் தாண்டினேன். ஆனாலும் அவர்தான் முதலில் முடித்தார், நாற்பது முன்னால் இருந்தாரே. நான் தொண்ணூற்றெட்டில் வரும்போது அவர் வாசல் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், மடியில் என் பையும் அவர் பையும். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பத்து விரல். அடுத்த சுற்றில் ஒன்பது. ஒரு விரல் மடங்கியிருக்கும். எட்டு. ஏழு. பக்கத்திலிருந்த யாரோ ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டு விரல் காட்டினாள். கடைசியில் ஒரு விரல் மட்டும். அதையும் மடக்கினார். மணி 11.45.

வாசலில் இட்லிக் கடை உண்டு. ஒரு தட்டு 15 ரூபாய், சட்னி காரம். ஆண்ட்டி நான்கு சாப்பிட்டார்.

"கல்யாணமாயி இங்கன வந்தப்ப" என்றார் பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டு, "பாஷ தெரியாது. அவுக காலைல போனா சாயங்காலம்தான். கதவ அடச்சிட்டு அழுவேன். தெனம் இதேதான் கேட்டேன், ஊருக்குப் போவணும், ஊருக்குப் போவணும்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. முப்பது வருசம் ஆச்சு. அப்ப ஒருத்தரும் எனக்குச் சில்கூரு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. கொஞ்சம் தாமதமாக.

12.30 பேருந்துக்கு வேப்பமர நிழலில் காத்திருந்தோம். ஆண்ட்டி முழங்கால் பட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அந்த முகம் தெரியும். சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் வைத்துக்கொள்ளும் முகம்.

"வாட் இஸ் த பர்ப்பஸ் ஆஃப் யுவர் விசிட்?"

"ஆண்ட்டி..."

"ஆண்ட்டி இல்ல. ஆபீசர். ஒரு வாக்கியம்."

"ஐ கேம் டு டீச் இங்கிலிஷ்."

"வேர் டிட் யூ ஸ்டே?"

"இன் குஷாய்குடா. இன் யுவர் ஹவுஸ்."

தலையசைத்தார். அட்டையைத் திருப்பி எதையோ குறிப்பது போலச் செய்தார்.

"வென் வில் யூ கம் பேக்?"

ஆறு பெண்களுக்கு நாக்கு வளையும்வரை அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தவள் நான். கண்ணைப் பார்த்து. யோசிக்காமல். அவர் கண்ணைத்தான் பார்த்தேன். திட்டம் இந்த ஆண்டோடு முடிகிறது. ஊரில் பள்ளியில் வேலை உறுதியாகிவிட்டது. அவர் ஆறு மாதம் அங்கே, பிறகு எப்படியோ. எல்லாம் ஒரு வாக்கியத்துக்குள் அடங்காது.

"யோசிச்சா போச்சுன்னு சொன்னீயல்லா" என்றார், மெல்ல.

"தெரியல ஆண்ட்டி."

"அந்த வார்த்தை கூடாதுன்னு போர்டுல எழுதிப் போட்டது யாரு?"

என் வலது கையை இழுத்து விரித்தார். பேனாவை மூடி, அதன் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் வைத்து ஓங்கி அழுத்தினார், முத்திரை குத்துவதுபோல.

"ரிஜெக்டட்" என்றார். "அடுத்த தடவ ஒழுங்கா படிச்சிட்டு வா."

பேருந்து வந்தது. நடத்துநர் காலையில் பார்த்தவரேதான். ஆண்ட்டியைப் பார்த்து, முடிந்ததா என்று கையாலேயே கேட்டார். ஆண்ட்டி என்னைக் காட்டி இரண்டு விரல் காட்டினார். எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. ஏரி வருவதற்குள் அவர் என் தோளில் தூங்கிவிட்டார்.

சனிக்கிழமை ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு அவர் வரவில்லை, முட்டு. வாசலிலேயே நின்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமையே எல்லாம் பேசியாகிவிட்டது. தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தேன். உள்ளே ஏதோ போட்டுத் திரும்பக் கொடுத்தார். கோலாலம்பூரில் திறந்தேன். வடகம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு நெரிசல். குஷாய்குடாவிலிருந்து ஒருவழி 47 கிலோமீட்டர், மூன்று பேருந்து, 38 ரூபாய், காத்திருப்பையும் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம். பந்த் என்று பேச்சு அடிபட்டால் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள், பேருந்து ஓடாது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை நூற்றெட்டு சுற்றுகிறவர்கள் எட்டு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும், பதினொன்றுக்குமேல் கல் சுடும். பேனா கொண்டுபோங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தென்மேற்கு மூலையில் சுவர் நல்ல பிடி.

பதினோரு சுற்றுக்குக் கூட்டமில்லாவிட்டால் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகும். கேட்கப்போவதைப் பேருந்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மூன்றாவது சுற்றில், மழையில், கால் மிதிபட்ட எரிச்சலில் கேட்டேன். எட்டு மாதத்தில் கொடுத்துவிட்டார்கள்.